இரண்டாவது நோட்டு

பர்மிங்ஹாம்
6 அக்டோபர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் முட்டி வலி குறைந்ததா?

நீங்கள் சொன்னபடியே பேனாவால் எழுதி, போட்டோ எடுத்து அம்மாவின் போனுக்கு அனுப்புகிறேன். அம்மாவோடு தினமும் பேசுகிறேன். ஆனால் அதை அம்மா உங்களுக்குச் சைகையில் சொல்லும்போது பாதி காணாமல் போய்விடும். நிட்டிங் மெஷின்களுக்கு நடுவே இருபத்தெட்டு வருஷம் நின்றதில் உங்கள் காதுதான் போனதே தவிர கண் நன்றாக இருக்கிறது. எழுதினால் முழுசாக வந்து சேரும்.

வகுப்பு ஆரம்பித்துவிட்டது. நான் தங்கியிருப்பது நதியா அக்கா வீட்டு மாடி அறை. அவர்கள் சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். அப்பா அம்மா நம் நல்லூரில்தான் தையல் வேலை பார்க்கிறார்களாம். கணவர் அருள்குமாருக்கு இங்கே மருத்துவமனையில் வேலை. அவருடைய விசாவில் வந்ததால் நதியா அக்கா எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் வேலை செய்யலாம். எனக்கு அப்படி இல்லை. திங்கள் முதல் ஞாயிறு வரை இருபது மணி நேரம். அதற்கு மேல் ஒரு மணி கூடினாலும் விசா போய்விடும் என்று பல்கலைக்கழக அலுவலகப் பெண் மூன்று தடவை சொன்னார். ஒரு காபிக் கடையில் பதினெட்டு மணி நேரம் கிடைத்திருக்கிறது. கவலைப்பட வேண்டாம்.

மகுடேஸ்வரன் மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

உங்கள்
அனுப்பிரியா

•

திருப்பூர்
27 அக்டோபர் 2024

அன்புள்ள கண்ணு அனுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் எழுத்தைப் பார்த்ததும் உன் குரல் கேட்ட மாதிரி இருந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "நல்லா உண்ணறாளான்னு கேளுங்க, இளைச்சுப் போயிட்டா"ன்னு சொல்கிறாள். அவள் உதட்டசைவு எனக்குத் தெரியும்.

தீபாவளி போனஸ் நேரம். வருகைப் பதிவு எழுதும் டைம் ஆபீசில் எனக்கு மூச்சுவிட நேரமில்லை. போதாததற்கு நம் பனியனை வாங்கும் வெளிநாட்டு பையரிடமிருந்து அடுத்த வாரம் ஆடிட்டுக்கு வருகிறார்கள். ஒன்றரை ஷிப்ட் ஓட்டக்கூடாது என்பது அவர்கள் சட்டம். ஆர்டரை மட்டும் குறித்த தேதிக்குள் அனுப்பிவிட வேண்டும். அதனால் எல்லோரும் ஐந்தரைக்கு வீட்டுக்குப் போனதாக ஒரு நோட்டு, எட்டரை வரை நின்றதாக இன்னொரு நோட்டு. முதல் நோட்டு அவர்களுக்கு. இரண்டாவது நோட்டு சனிக்கிழமை சம்பளத்துக்கு. உனக்குத் தெரிந்ததுதான்.

துணி வெட்டும் கட்டிங்கில் இருக்கும் சுடலை உன்னை விசாரித்தான். "பாப்பா லண்டன்ல இருக்காளா அண்ணாச்சி" என்று பேப்பரில் எழுதிக் காட்டினான். இங்கிலாந்தில் எங்கே இருந்தாலும் அவனுக்கு லண்டன்தான். வாரத்துக்கு இருபது மணி நேரம்தான் வேலை என்று சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தான்.

மாமாவுக்குச் சொல்லிவிட்டேன். உன் படிப்புக் கடனுக்கு அவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டதை நீ மறக்கக்கூடாது. காது போனவனுக்குத் தன் கம்பெனி டைம் ஆபீசில் நாற்காலி போட்டுக் கொடுத்ததும் அவர்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள் சாமி.

அப்பா
கந்தப்பன்

•

பர்மிங்ஹாம்
19 ஜனவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். பொங்கலுக்கும் எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். பரீட்சை.

இரண்டாவது தவணைக் கட்டணத்தைக் கட்டிவிட்டேன். நீங்கள் எதுவும் அனுப்ப வேண்டாம். என்னை இங்கே படிக்க அனுப்பிய அவினாசி ரோட்டு ஏஜென்ட், பார்ட்-டைம் வேலை பார்த்தாலே கட்டிவிடலாம் என்று சொன்னாரல்லவா, அது சரிதான்.

நதியா அக்கா ஆறு மாதம். போன மாதமே வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். அவர் வேலை பார்த்தது ஓட்டல் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் லாண்டரி. நம் ஊரில் பனியன் துணியை அழுத்தித் தேய்க்கும் காலண்டரிங் மெஷின் மாதிரியே சூடான உருளை இருக்கும். இரண்டு பேர் விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்து உள்ளே விட வேண்டும். ஆவியில் எதிரே நிற்பவரின் முகம் தெரியாது. கையுறை கொடுத்திருக்கிறார்கள், ஆனால் போட்டால் ஈரத் துணியின் முனை பிடிபடாது, அதனால் யாரும் போடுவதில்லை. வேலை முடிந்து வந்த பிறகும் உள்ளங்கை சுட்டுக்கொண்டே இருக்கும். நதியா அக்கா சொல்வார்.

எனக்கு அதே காபிக் கடைதான். அம்மாவிடம் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள்.

உங்கள்
அனு

•

திருப்பூர்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள கண்ணு,

நாங்கள் நலம். கட்டணம் கட்டியது பற்றி மாமாவிடம் சொன்னேன். "கெட்டிக்காரப் புள்ள"ன்னு சொன்னார்.

இங்கே ஒரு சங்கடம். ஜனவரி இருபத்தெட்டாம் தேதி சுடலையின் கை கட்டிங் மெஷினில் மாட்டிவிட்டது. வலது கையில் இரண்டு விரல்கள் முழுசாகப் போய்விட்டன. மூன்றாவது ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனக்குச் சத்தம் கேட்கவில்லை. டைம் ஆபீஸ் கண்ணாடி வழியாக எல்லோரும் ஓடுவதைத்தான் பார்த்தேன். மணி ஏழு நாற்பது.

மூன்றாம் நாள் தொழிலாளர் காப்பீட்டு ஈஎஸ்ஐ ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். வேலை நேரத்தில் அடிபட்டிருந்தால் சம்பளத்தில் பெரும்பகுதி கிடைக்கும், விரல் போனதற்கு ஆயுள் முழுக்க மாதாமாதம் ஒரு தொகை உண்டு. நோட்டைக் கேட்டார். காட்டினேன். நோட்டின்படி சுடலை ஐந்தரைக்கே வெளியே போய்விட்டான்.

உனக்கும் குளிராக இருக்கும். காதை மூடிக்கொண்டு போ.

அப்பா

•

பர்மிங்ஹாம்
23 பிப்ரவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தீர்களா?

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நோட்டைக் காட்டினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த நோட்டை அப்பா? எனக்குப் பதில் தெரியும். இருந்தாலும் நீங்கள் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

சுடலை அண்ணன் எங்கே இருக்கிறார்? அவர் மனைவி சீனியம்மாள் வேலைக்குப் போகிறாரா? ஏழு நாற்பதுக்கு மெஷினில் கை வைத்திருந்தவர் ஐந்தரைக்கே வீட்டுக்குப் போய்விட்டார் என்றால், அந்த இரண்டு மணி நேரம் பத்து நிமிஷம் கட்டிங் டேபிளில் நின்றது யார்?

கோபமாக எழுதவில்லை. எனக்குக் கேட்கும் உரிமை இருக்கிறதா என்றும் தெரியவில்லை.

அனு

•

திருப்பூர்
16 மார்ச் 2025

அன்புள்ள அனுவுக்கு,

சௌக்கியம். அம்மாவுக்கு மாத்திரை வாங்கியாயிற்று.

சுடலையை மாமா நல்லபடியாகக் கவனித்து, கைச்செலவுக்குக் கொடுத்து, சங்கரன்கோவில் பக்கம் அவன் ஊருக்கு அனுப்பிவிட்டார். சீனியம்மாளும் கூடப் போய்விட்டாள். வீட்டில் விறகு வெட்டும்போது அடிபட்டதாக அவனே எழுதிக் கொடுத்துவிட்டான். இரண்டாவது நோட்டு இப்போது என்னிடம் இல்லை. மாமா வாங்கி வைத்துக்கொண்டார்.

நீ படிப்பைப் பார்.

அப்பா

•

பர்மிங்ஹாம்
20 ஏப்ரல் 2025

அப்பா,

நலமா? நான் நலம்.

இந்தத் தடவை டைப் செய்து அனுப்புகிறேன். ப்ராஜெக்ட் வேலை அதிகம், பேனா எடுக்க நேரமில்லை. நதியா அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. காபிக் கடையில் கொஞ்ச நாள் லீவு சொல்லியிருக்கிறேன்.

இங்கே வெயில் வந்துவிட்டது. அம்மாவிடம் சொல்லுங்கள்.

அனு

•

திருப்பூர்
27 ஏப்ரல் 2025

அன்புள்ள கண்ணு அனுவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

ஆறு வருஷமாக டைம் ஆபீசில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே யார் தூங்கவில்லை, யார் சாப்பிடவில்லை என்று எனக்குத் தெரிந்துவிடும். உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உன் கடிதங்களை எல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தேன்.

இருபது மணி நேர வேலையில் அந்தத் தவணையைக் கட்ட முடியாது. ஜனவரியிலேயே கணக்குப் போட்டுப் பார்த்தேன். கேட்கவில்லை. கையுறை போட்டால் ஈரத் துணியின் முனை பிடிபடாது என்று நதியா சொன்னதாக எழுதினாய். அது அங்கே நின்றவர்களுக்குத் தெரிகிற விஷயம். அப்போதும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ என்னைத் திருப்பிக் கேட்டிருப்பாய்.

இப்போது டைப் அடித்து வந்திருக்கிறது. அம்மாவிடம் எதுவும் காட்டிக்கொள்ளவில்லை. அவளே, "ஏனுங்க, வீடியோ கால்ல மூஞ்சிய மட்டும் காட்றா, கையக் காட்ட மாட்டேங்கறா"ன்னு எழுதிக் காட்டினாள்.

இருபதுக்கு மேல் வேலை பார்க்க வேண்டும் என்றால் இரண்டாவது நோட்டு ஒன்று வேண்டும். உன் இரண்டாவது நோட்டு யார் பெயரில் இருக்கிறது கண்ணு?

நீ பிப்ரவரியில் கேட்டதற்குப் பதில்: முதல் நோட்டைத்தான் காட்டினேன். அதில் இருப்பது என் கையெழுத்து. ஐந்தரை என்று எழுதியது நான்தான்.

அப்பா

•

பர்மிங்ஹாம்
11 மே 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம் என்று எழுத இந்தத் தடவை முடியவில்லை. அம்மாவுக்கு மெதுவாகச் சொல்லுங்கள்.

நவம்பரில் காபிக் கடை நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். தவணை கட்டாவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம் என்று பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. அன்றைக்கு அடுப்படியில் நதியா அக்காதான் சொன்னார்: "ஏளா, எனக்கு இனிமே நிக்க முடியாது. எம் பேர்லயே நீ போயிட்டு வா. சம்பளம் எங் கணக்குல விழும், அப்படியே எடுத்துத் தாரேன். மூணு மாசந்தான்." சூப்பர்வைசருக்கும் தெரியும். அங்கே என்னை நதியா என்றுதான் கூப்பிட்டார்கள். முதல் வாரம் திரும்பிப் பார்க்கவே மாட்டேன். அப்புறம் பழகிவிட்டது. தவணை கட்டின பிறகு நிறுத்தியிருக்கலாம். கடைசித் தவணை ஒன்று இருந்தது.

மார்ச் இருபத்தெட்டாம் தேதி வலது கை உருளைக்குள் போய்விட்டது. எதிரே நின்ற ருமேனியாக்காரி ஓடிப்போய் நிறுத்தினாள். சூப்பர்வைசர் ஆம்புலன்சைக் கூப்பிடவில்லை. என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். போகிற வழியில் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஆஸ்பத்திரியில் எந்தப் பெயர் சொல்லப் போகிறாய்?

என் பெயரைச் சொன்னேன். வீட்டில் அயர்ன் பாக்ஸ் விழுந்துவிட்டது என்றேன். நர்ஸ் என் கையை ரொம்ப நேரம் பார்த்தார். இரண்டு பக்கமும் சுட்டிருந்தது. அயர்ன் பாக்ஸ் ஒரு பக்கம்தானே சுடும். ஆனாலும் நான் சொன்னதையே எழுதிக்கொண்டார். மூன்று விரல்கள் மடங்கவில்லை. அறுவை சிகிச்சை செய்தால் ஒன்று மடங்கலாம் என்கிறார்கள். சுடலை அண்ணன் விறகு வெட்டியதாக எழுதிக் கொடுத்ததைப் படித்துப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

ஏப்ரல் கடைசியில் லாண்டரிக்குக் குடியேற்ற அதிகாரிகள் வந்திருக்கிறார்கள். நதியா எங்கே என்று கேட்க, கையில் தீக்காயம், வரவில்லை என்று முகவரியைக் கொடுத்துவிட்டார் சூப்பர்வைசர். மறுநாள் காலையில் அவர்கள் வீட்டுக்கு வந்தபோது கதவைத் திறந்தது நான். கையில் கட்டு. பின்னால் குழந்தையோடு நதியா அக்கா. "உங்களில் நதியா யார்?" என்று கேட்டார் அதிகாரி. குழந்தை அழுதது.

பதினைந்தாம் தேதி எனக்கு விசாரணை. நான் சொல்வதை வைத்துத்தான் நதியா அக்கா குடும்பத்தை என்ன செய்வது என்று முடிவு செய்வார்களாம். நேற்று அவர் மாடிக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். "உனக்கு விசா எப்படியும் போவப் போவுது அனு. எனக்குத் தெரியாம எங் காகிதத்த எடுத்துட்டுப் போனேன்னு சொல்லிரு. எங்க மூணு பேரையும் அனுப்பிட்டாவன்னா இதுக்குப் பிறவு நாங்க எங்கட்டுப் போவோம்?" என்றார். இலவச ஆலோசனை சொல்லும் வக்கீல் அப்படிச் சொல்லவே கூடாது என்கிறார். உண்மையைச் சொன்னால் நேரம் மீறி வேலை பார்த்தவள். நதியா அக்கா கேட்கிறபடி சொன்னால் திருடி. பல வருஷத்துக்கு எந்த நாட்டுக்கும் விசா கிடைக்காமல் போகலாமாம்.

என்ன செய்யட்டும் அப்பா? பதினைந்தாம் தேதிக்குள் ஒரு வரி எழுதுங்கள். இடது கையால் டைப் செய்ய மூன்று மணி நேரம் ஆகிறது.

அனு

•

திருப்பூர்
17 மே 2025

அன்புள்ள என் சாமிக்கு,

உன் கடிதத்தை நேற்று ராத்திரிதான் படித்தேன். அது அம்மாவின் போனில் இருந்தது. நான் பத்தாம் தேதியே கிளம்பிச் சங்கரன்கோவில் போய்விட்டேன். அம்மா படித்துவிட்டு ஆறு நாளாக யாரிடமும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். பதினைந்தாம் தேதி போய்விட்டது. நீ கேட்ட ஒரு வரியை என்னால் தர முடியவில்லை.

நான் போனது சுடலையைப் பார்க்க. இரண்டு பஸ் மாறி, விசாரித்து விசாரித்துப் போனேன். எனக்குப் பதில் சொல்கிறவர்கள் எல்லாம் எழுதிக் காட்ட வேண்டும், பாதிப் பேருக்கு எழுதத் தெரியாது. அவன் ஊரில் இல்லை. தோட்டக் காவலுக்குப் போய்விட்டான், வாரத்துக்கு ஒரு தடவைதான் வருவான் என்றார்கள். பக்கத்தில் லாட்ஜில் தங்கி நாலு நாள் காத்திருந்தேன். வந்தான். வணக்கம் சொல்லக் கையைத் தூக்கிவிட்டு, உடனே துண்டுக்குள் மறைத்துக்கொண்டான்.

நான் ஈஎஸ்ஐ ஆபீசில் உண்மையைச் சொல்கிறேன், நீயும் வா என்று எழுதிக் காட்டினேன். அவன் அந்தக் காகிதத்தை மனைவி பக்கம் நீட்டினான். சீனியம்மாள்தான் அதை வாங்கி, பின்பக்கம் எழுதினாள். அப்படியே இங்கே எழுதுகிறேன்: "எழுதிக் குடுத்தாச்சி அண்ணாச்சி. துட்டும் வாங்கியாச்சி. இனிமே எங்களப் போட்டு இழுக்காதிய. அப்பமே சொல்லியிருக்கலாம்லா."

அவள் எழுதியதில் தப்பு ஒன்றும் இல்லை.

நேற்று ஊருக்கு வந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேராக ஈஎஸ்ஐ ஆபீசுக்குப் போனேன். ஏழு நாற்பதுக்குச் சுடலை கட்டிங் மெஷினில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான், ஐந்தரை என்று பொய்யாக எழுதியவன் நான் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகுதான் உன் கடிதம். அதனால் உன்னை நினைத்து நான் நல்லவனாகிவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே.

நீ அங்கே என்ன சொன்னாய் என்று எழுது. எதுவாக இருந்தாலும் சரி.

அப்பா

•

பர்மிங்ஹாம்
1 ஜூன் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மா என்னோடு போனில் சமையல் பற்றி மட்டும்தான் பேசுகிறார்.

பதினைந்தாம் தேதி விடியும் வரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கிளம்பிப் போனேன். ஒரு மேஜை, ரெக்கார்டர், ஒரு பெண் அதிகாரி. மரியாதையாகத்தான் பேசினார். "நதியா தன் விவரங்களை உங்களுக்குத் தெரிந்தே கொடுத்தாரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அலமாரியிலிருந்து நானாக எடுத்தேன் என்றேன். "சம்பளம் அவர் கணக்குக்குத்தானே போனது?" என்று கேட்டார். அவர் கார்டையும் எடுத்தேன் என்றேன். அதிகாரி நம்பவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் சொன்னதையே எழுதிக்கொண்டார். கீழே இடது கையால் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து மாதிரியே இல்லை.

பல்கலைக்கழகம் என் பெயரை எடுத்துவிட்டது. ப்ராஜெக்டைச் சமர்ப்பிக்க இன்னும் பத்து வாரம் இருந்தது. ஜூன் பதினாறு இரவு விமானம். பதினேழாம் தேதி கோயம்புத்தூர் வந்துவிடுவேன். அறுவை சிகிச்சைக்குக் கொடுத்த தேதி ஜூலையில். அதை ரத்து செய்துவிட்டேன்.

நதியா அக்கா குடும்பத்தின் மேல் நடவடிக்கை இல்லை என்று கடிதம் வந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் என் கண்ணைப் பார்ப்பதில்லை. சாப்பாட்டைப் படியில் வைத்துவிட்டுப் போகிறார். அருள்குமார் அண்ணன் ஒரு நாள் மாடிக்கு வந்தார். "பெட்டி கட்ட ஆள் வேணுமாம்மா" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

நீங்கள் உண்மையை எழுதிக் கொடுத்தீர்கள். நான் அதற்கு முந்தின நாள் பொய்யில் கையெழுத்துப் போட்டேன். உங்கள் கடிதம் நேரத்துக்கு வந்திருந்தாலும் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.

அனு

•

திருப்பூர்
8 ஜூன் 2025

அன்புள்ள கண்ணு அனுவுக்கு,

நாங்கள் நலம். அம்மா உன் அறையை ஒழித்து வைத்திருக்கிறாள். கைக்குக் கோயம்புத்தூரில் ஒரு டாக்டரை விசாரித்திருக்கிறேன். ஒரு விரலாவது மடங்கட்டும்.

நீ சொன்ன பொய்யைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. என் பொய் மாமாவைக் காப்பாற்றியது. உன் பொய் யாரைக் காப்பாற்றியது என்று எனக்குத் தெரியும். ஆனால் அதற்கு நீ கொடுத்தது அதிகம். இதற்கு மேல் அதில் எது சரி என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அந்தக் குழந்தைக்கு என்ன பெயர் வைத்தார்கள்? நீ எழுதவே இல்லை.

எனக்கு வேலை போய்விட்டது. மாமா சத்தம் போட்டிருப்பார் போலிருக்கிறது, எனக்குக் கேட்கவில்லை. "உங்க ஊட்டுப் புள்ளைக்குக் கையெழுத்துப் போட்டனே மச்சான்" என்று அவர் வாய் அசைந்ததை மட்டும் பார்த்தேன். அது என்னவோ உண்மைதான். ஜாமீனை விலக்கிக்கொள்வதாகப் பேங்க்குக்கு எழுதியிருக்கிறாராம். இப்போது நானும் அம்மாவும் பக்கத்து யூனிட்டிலிருந்து பனியன் கட்டுகளை வாங்கி வந்து வீட்டிலேயே நூல் பிசிர் வெட்டுகிறோம். பீஸ் கணக்கு. நோட்டு எதுவும் கிடையாது.

ஈஎஸ்ஐ ஆபீசுக்குக் கம்பெனி பதில் கொடுத்துவிட்டது. இரண்டாவது நோட்டு என்று ஒன்று எப்போதும் இருந்ததில்லையாம். கந்தப்பன் காது கேளாதவர், நடந்தது புரியாமல் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறார்கள். பொய்க் கணக்கு எழுதியதாக நானே ஒப்புக்கொண்டதால் என் மேலும் நடவடிக்கை வரலாம் என்று அங்கே இருந்த அம்மாள் எழுதிக் காட்டினார். வரட்டும்.

விசாரணைக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். ஜூன் பதினேழு, காலை பத்தரை. மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன். மாற்றினால் மூன்று மாதம் தள்ளும் என்றார்கள். அதனால் நீ வரும்போது விமான நிலையத்துக்கு அம்மா மட்டும்தான் வருவாள். அவள் தனியாகக் கோயம்புத்தூர் போனதில்லை. பஸ் நம்பரை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

சுடலைக்கும் நோட்டீஸ் போயிருக்கிறது. அவன் வருவான் என்று நான் நினைக்கவில்லை. அவன் வராவிட்டால் கேஸ் நிற்காது என்கிறார்கள். எப்படியும் பத்து மணிக்கே போய் உட்கார்ந்துவிடுவேன். கூப்பிட்டால் எனக்குக் கேட்காது, அதனால் கதவுக்கு நேராக உட்கார வேண்டும்.

அப்பா